துண்டு துண்டாய்ச் செல்லும் தூது

ஞாயிற்றுக்கிழமை மாலை. முற்றத்து வேப்பமரத்தின் நிழல் நீண்டு கிடக்கின்றது. விறாந்தையில் அமர்ந்திருக்கும் அன்னை ஒருத்தி, கைத்தொலைபேசியின் திரையிலே, கனடாவில் தொழில் புரியும் தன் மகனுடைய முகத்தைக் கண்டு உரையாடிக்கொண்டிருக்கின்றாள். அங்கே இப்பொழுதுதான் பொழுது புலர்ந்திருக்கின்றது.

“சாப்பிட்டியா, தம்பி?” என்று தாய் கேட்கின்றாள். மகன் வாயைத் திறக்கின்றான். ஆனாற் சொல் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருக்க, முகம் சித்திரத்தில் எழுதியது போல் உறைந்து நிற்கின்றது.

“அம்மம்மா, மாமா ஏன் ஆடாமல் அசையாமல் நிற்கிறார்?” என்று பக்கத்திலிருந்த சிறுமி கேட்கின்றாள்.

“லைன் சரியில்லைப் பிள்ளை” என்பது பாட்டியின் விடை.

இத்தகைய காட்சி இன்று நம்மவர் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது. பாட்டி கூறிய விடையும் நாம் எல்லோரும் கூறும் விடையே. ஆனால், அந்த விடையில் ஒரு சிறு பிழை உண்டு. தாய்க்கும் மகனுக்குமென்று ஒதுக்கப்பட்ட ‘லைன்’ ஒன்று உலகில் எங்கும் இல்லை! அப்படியானால் மகனின் முகம் எவ்வழியாக வருகின்றது? இடையில் ஏன் உறைகின்றது? சிறுமியின் வினாவுக்குச் சரியான விடை காண வேண்டுமாயின், நாம் இணையத்தின் உள்ளே சற்று உலாவி வருதல் வேண்டும்.

ஒரு கம்பியா, பல துண்டுகளா?

முற்காலத்துத் தொலைபேசி முறையை முதலில் நினைவு கூர்வோம். கொழும்பிலிருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருக்கும் ஒருவரோடு பேச விரும்பினால், தொலைபேசி நிலையத்திலே பணி புரிபவர் ஒரு கம்பியை மற்றொரு கம்பியோடு பொருத்துவார். அவ்விருவரும் பேசி முடிக்கும்வரை அந்தப் பாதை முழுவதும் அவர்களுக்கே உரியது. அவர்கள் வாய் பேசாது மௌனமாக இருந்தாலும், வேறொருவர் அதனைப் பயன்படுத்த இயலாது. புகையிரதப் பாதை முழுவதையும் ஒரேயொரு பயணிக்காகப் பூட்டி வைத்தது போன்ற ஏற்பாடு இது.

மனிதர் பேச்சுக்கு இம்முறை ஒருவாறு பொருந்தியது. கணினிகளின் பேச்சுக்கோ இது சிறிதும் பொருந்தவில்லை. கணினி ஒரு கணம் மழைபோலப் பொழியும். பின்னர் நெடுநேரம் வாளாவிருக்கும். அதற்கென ஒரு பாதையை முழுநேரமும் ஒதுக்குவது வீண் செலவன்றோ?

இதற்கு மாற்று வழியொன்றை 1960களில் இருவர் தனித்தனியே கண்டனர். ஒருவர், அமெரிக்காவின் ரான்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன். பகைவரின் அணுகுண்டுத் தாக்குதலின் பின்னரும் எஞ்சி நின்று இயங்கக்கூடிய செய்தித் தொடர்பு முறை யாது என்பது அவர் ஆராய்ந்த பொருள். தம் முடிபுகளை அவர் 1964 ஆம் ஆண்டிற் பல தொகுதிகளாக வெளியிட்டார். மற்றவர், இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ். இவர் 1965 இல் அதே கருத்தை வேறு நோக்கத்தோடு எண்ணிக் கண்டார். நாம் இன்று ‘பொதி’ என வழங்குவதற்கு ஆங்கிலத்திற் பெயர் சூட்டியவரும் இவரே.

கருத்து மிக எளியது. நெடிய கடிதம் ஒன்றைப் பல துண்டுகளாக வெட்டுகின்றோம். ஒவ்வொரு துண்டையும் ஒரு தபால் அட்டையில் ஒட்டி, அட்டைதோறும் பெறுநர் முகவரியையும், அனுப்புநர் முகவரியையும், ‘இது எத்தனையாவது துண்டு’ என்னும் இலக்கத்தையும் பொறிக்கின்றோம். பின்னர் அவ்வளவையும் தபாற்பெட்டியிற் போட்டுவிடுகின்றோம். சில அட்டைகள் ஒரு வழியாலும், சில மற்றொரு வழியாலும் போகலாம். பத்தாவது அட்டை ஏழாவது அட்டையை முந்திக்கொள்ளலாம். அதனால் என்ன? பெறுபவர் இலக்க வரிசைப்படி அடுக்கினாற் கடிதம் முழுமையாகிவிடும். ஒரே பாதையிலே ஆயிரம் பேருடைய அட்டைகள் அடுத்தடுத்துச் செல்லலாம். எவருக்கும் பாதை தனியுரிமை அன்று.

‘லோ’ என்ற முதற் செய்தி

இக்கருத்துச் செயலுருப் பெற்ற வலையமைப்பு ‘ஆர்ப்பாநெற்’ எனப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இதற்குப் பணம் வழங்கியது. அணுகுண்டுப் போரைத் தாங்குவதற்காகவே இது நிறுவப்பட்டதென்று பலர் கூறுவர். பரன் அவர்களின் ஆராய்ச்சிக்கு அந்த அச்சம் தூண்டுகோலாயிருந்தது உண்மையே. ஆயினும், ஆர்ப்பாநெற்றை அமைத்தவர்களின் நோக்கம் வேறு. பெருவிலை கொண்ட கணினிகளைப் பல இடத்து ஆராய்ச்சியாளரும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம்.

1969 ஒக்டோபர் 29 ஆந் திகதி இரவு 10.30 மணி. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் லெனார்ட் கிளைன்றொக் அவர்களின் ஆய்வுகூடத்திலே, சார்லி கிளைன் என்னும் மாணவர் கணினியின் முன் அமர்ந்தார். நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால், ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் மற்றொரு கணினி காத்திருந்தது. ‘உள்நுழை’ என்னும் பொருள்படும் ‘லொகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அனுப்புவது ஏற்பாடு. முதலெழுத்து ‘எல்’ போய்ச் சேர்ந்தது. இரண்டாமெழுத்து ‘ஓ’வும் சேர்ந்தது. மூன்றாமெழுத்தை அனுப்பியபொழுது அப்புறத்துக் கணினி நிலைகுலைந்து நின்றுவிட்டது! ஆகவே, ஆர்ப்பாநெற்றிற் சென்ற முதற் செய்தி ‘லோ’ என்னும் அரைச் சொல்லேயாகும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின், குறை திருத்தப்பட்டு முழுச் சொல்லும் சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு இடங்கள் இவ்வலையில் இணைந்தன.

குழந்தையின் முதல் மழலை போன்ற அந்த அரைச் சொல்லிலிருந்தே இன்றைய இணையம் வளர்ந்தது.

வலைகளை இணைத்த வலை

ஆர்ப்பாநெற் வளர்ந்து வருகையில், வேறு வலையமைப்புகளும் தோன்றின. சில வானொலி அலைகளாலும், சில செய்மதிகளாலும் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழக்கம். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது. இவற்றையெல்லாம் ஒன்றாய் இணைப்பது எங்ஙனம்?

ரொபேர்ட் கான், வின்டன் சேர்ப் என்னும் இரு அறிஞர்கள் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதற்கு விடை கூறினர். ஒவ்வொரு வலையமைப்பும் உள்ளே தன் விருப்பம்போல் இயங்கட்டும். அவற்றை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பொதியின் உறையும் முகவரியும் மட்டும் எங்கும் ஒரே வகையாய் இருத்தல் வேண்டும். இவ்வாறு யாவரும் ஒப்புக்கொண்ட ஒழுங்கையே ‘நெறிமுறை’ என்கின்றோம். இருவர் சந்திக்கும்பொழுது முதலிற் கைகூப்புதல், பின்னர் நலம் விசாரித்தல், பின்னர் விடயத்துக்கு வருதல் என்றொரு முறை நம்மிடையே உண்டன்றோ? அதுபோன்றதே இது. வேறுபாடு யாதெனின், மனிதர் சற்று முறை தவறினாலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வர். கணினிக்கு அத்தகைய தாட்சணியம் இல்லை.

இவ்வறிஞரின் திட்டம் பின்னர் இரண்டு நெறிமுறைகளாகப் பிரிந்தது. ஒன்று ஐ.பி.; மற்றது ரி.சி.பி. 1983 ஜனவரி 1 ஆந் திகதி, ஆர்ப்பாநெற்றிலிருந்த கணினிகள் பழைய முறையைக் கைவிட்டு இவற்றுக்கு மாறின. இணையத்தின் பிறந்தநாள் அதுவே என்பார் பலர்.

ஐ.பி. என்பது முகவரியும் பயணமும் பற்றிய நெறிமுறை. இணையத்தைச் சேரும் கருவிக்கு ஓர் இலக்க முகவரி வேண்டும். முதலில் வழக்குக்கு வந்த முறையில், 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களால் அம்முகவரி ஆகும். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. ஒரு காலத்தில் இது கடல்போலத் தோன்றிற்று. ஆனால், 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த முகவரிகள் பகிர்ந்து தீர்ந்தன. அதன் பொருட்டே மிக நீண்ட முகவரிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டு வழக்கில் வந்துகொண்டிருக்கின்றது.

எண்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. எனவே, பெயரைச் சொன்னால் எண்ணைக் கூறும் விலாசப் புத்தகம் ஒன்று வேண்டும். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகவே அக்கோப்புத் தாங்கவில்லை. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் என்பவர், பலரும் பகிர்ந்து பேணும் பெயர்முறை ஒன்றை வகுத்தார். ஊர்ப் பெயரை ஊராரும், நாட்டுப் பெயரை நாட்டாரும் பேணுவது போன்றது இது. 2010 ஆம் ஆண்டில், ‘.இலங்கை’ எனத் தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் இம்முறையில் இடங்கிடைத்தது என்பது நாம் மகிழ்தற்குரியது.

இனிப் பொதியின் பயணத்தைக் காண்போம். வழியில் ‘ரவுட்டர்’ எனப்படும் வழிப்படுத்தும் கருவிகள் சந்திக்குச் சந்தி அமர்ந்திருக்கின்றன. பொதி வந்ததும், ரவுட்டர் அதன் முகவரியைப் பார்த்து, அடுத்த சந்தி எது என்று மட்டும் தீர்மானித்து அனுப்பிவிடும். முழுப் பாதையும் எந்த ரவுட்டருக்கும் தெரியாது. “கந்தோருக்கு எப்படிப் போவது?” என்று கேட்பவருக்கு, “அந்த ஆலமரத்தடி மட்டும் போங்கோ; அங்கே கேளுங்கோ” என்று நம் ஊரார் வழி சொல்வதில்லையா? அம்முறையே இங்கும்.

வழி தவறிய பொதி வட்டமிட்டுக்கொண்டே இருந்தால் என் செய்வது? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பொதியும் தன் ஆயுளைக் குறிக்கும் ஓர் எண்ணோடு புறப்படும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூச்சியமானதும் அப்பொதி எறியப்படும். உலகம் அலைந்து திரியும் ஆவிகளால் நிரம்பாதிருக்க இது ஒரு நல்ல உபாயம்!

தவறினால் யார் பொறுப்பு?

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஐ.பி. நெறிமுறை எதற்கும் உறுதி கூறுவதில்லை. ‘இயன்றவரை கொண்டு சேர்ப்பேன்’ என்பதே அதன் வாக்கு. பொதி தொலையலாம், இரண்டு முறை வரலாம், வரிசை மாறலாம். இக்குறைகளையெல்லாம் இரு முனைகளிலும் இருக்கும் கணினிகளே திருத்திக்கொள்ள வேண்டும். அவ்வாறு திருத்துவது ரி.சி.பி. நெறிமுறை.

ரி.சி.பி. முதலில் முகமன் கூறும். “பேசலாமா?” என்று ஒரு பொதி போகும். “பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?” என்று மறுமொழி வரும். “கேட்கிறது” என்று மூன்றாவது பொதி போகும். இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே செய்தி புறப்படும். பொதிகள் வந்து சேரச் சேர, பெறுபவர் “இதுவரை கிடைத்தது” என்று ஒப்புகை அனுப்புவார். குறித்த நேரத்துள் ஒப்புகை வராவிடின், பொதி தொலைந்துவிட்டதென எண்ணி, அனுப்பியவர் அதன் பிரதியொன்றை மீண்டும் அனுப்புவார். பதிவுத் தபாலின் ஒப்பச் சீட்டுப் போன்றது இது.

அளவை விளக்க ஒரு கணக்கு. கணினி உலகில் மிகச் சிறிய துளி ‘பிட்’ எனப்படும். நம் காலை உணவாகிய பிட்டுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். இன்று பெருவழக்கிலுள்ள முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மற்றொரு மகரம், கால் என ஐந்து குறிகள். ஆகவே ‘அம்மா’ 15 பைட்; அதாவது 120 பிட். வழக்கமான ஒரு பொதியில், உறையின் செலவு போக ஏறத்தாழ 1,460 பைட் செய்தி அடங்கும். எனவே ஒரு சிறு கடிதம் ஒரே பொதியிற் போய்விடும். 30 இலட்சம் பைட் கொண்ட புகைப்படம் ஒன்றுக்கோ, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட வாசகர், “இந்த ஏற்பாட்டிற் குறை என்ன இருக்கின்றது? தொலைந்தால் மறுபடி அனுப்புகின்றோம், அவ்வளவுதானே” என்று எண்ணலாம். அவ்வாறே அக்காலத்து அறிஞர் பலரும் எண்ணினர். 1986 ஆம் ஆண்டு அவர்களுக்கு ஒரு பாடம் புகட்டியது.

நானூறு யாரில் நேர்ந்த நெருக்கடி

கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்லி என்னும் ஊரில், லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடமும், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் அருகருகே அமைந்துள்ளன. இடைத்தூரம் 400 யார் அளவே. நடந்து சென்றால் ஐந்து நிமிடம். இவ்விரண்டுக்கும் இடையே வலையமைப்பின் வழியாகச் செய்தி விநாடிக்கு 32,000 பிட் வேகத்திற் சென்றுகொண்டிருந்தது. 1986 ஒக்டோபரில் ஒருநாள் அவ்வேகம் விநாடிக்கு 40 பிட் ஆக வீழ்ந்தது!

இவ்வீழ்ச்சியின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டாயிரம் ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம், முன்னர் அரை விநாடியிற் சென்றது. இப்பொழுது அதற்கு 6 நிமிடமும் 40 விநாடியும் வேண்டும். நாம் மேலே கணக்கிட்ட ‘அம்மா’ என்னும் ஒரு சொல் செல்வதற்கே 3 விநாடி ஆகும். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 400 யாரையும் நடந்து சென்று கொடுப்பது எளிதாயிருந்திருக்கும்.

கம்பி அறுந்ததோ? இல்லை. கருவி பழுதுபட்டதோ? அதுவுமில்லை. கம்பிகள் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் பயன் கிட்டவில்லை. இந்தப் புதிரை விளங்கிக்கொள்ள, நமது சங்கக்கடைக்கு ஒருமுறை சென்று வருவோம்.

மண்ணெண்ணெய் வந்திருக்கின்றதென்று ஊரெல்லாம் செய்தி. ஒரு தாய், மூத்த மகனைப் போத்தலோடு அனுப்புகின்றாள். கடையிலே நீண்ட வரிசை. மகன் வரிசையில் நிற்கின்றான். அரை மணி நேரமாயிற்று, அவன் திரும்பவில்லை. ‘எங்கேயோ விளையாடப் போய்விட்டான்’ என்றெண்ணிய தாய், இளையவனை வேறொரு போத்தலோடு அனுப்புகின்றாள். அவனும் அதே வரிசையின் கடைசியிற் போய் நிற்கின்றான். இன்னும் எவரும் வரவில்லை, மகளையும் அனுப்புகின்றாள். இவ்வாறே ஊரிலுள்ள ஒவ்வொரு தாயும் செய்கின்றாள். இப்பொழுது வரிசையில் நிற்பவர்களிற் பெரும்பாலார், முன்னரே நிற்பவனின் தம்பி தங்கையர்! கடைக்காரர் ஓயாது அளந்து ஊற்றுகின்றார். ஆயினும் ஒரே வீட்டுக்கு மூன்று போத்தல் போகின்றது; மற்றொரு வீட்டு அடுப்பு எரியவில்லை. வரிசை வீதி முனையையும் தாண்டிய பின் வருபவர்களை, “இடமில்லை, போங்கோ” என்று திருப்பி அனுப்புகின்றனர். திரும்பி வந்த பிள்ளையைத் தாய் மறுபடியும் அனுப்புகின்றாள்.

பேர்க்லியில் நடந்ததும் இதுவே. ரவுட்டர் போன்ற ஒவ்வோர் இடைக்கருவியிலும் பொதிகள் காத்திருப்பதற்குச் சிறிதளவு இடம் உண்டு. நெருக்கம் அதிகரிக்க, பொதிகள் அங்கே தாமதித்தன. அனுப்பிய கணினிகள் அத்தாமதத்தைத் தொலைவு என்று பிழையாக எண்ணின, பிரதிகளை அனுப்பின. பிரதிகளால் நெருக்கம் மேலும் மிகுந்தது, தாமதமும் மிகுந்தது, அதனாற் பிரதிகளும் மிகுந்தன. காத்திருக்கும் இடம் நிரம்பவே, புதிய பொதிகள் எறியப்பட்டன. கம்பி நிறையப் பொதிகள் ஓடின. ஆனால், அவற்றிற் பல முன்னரே சென்றவற்றின் பிரதிகள். ஒவ்வொரு கணினியும் தன் கடமையைச் செவ்வையாகச் செய்தது. எல்லாக் கணினிகளும் சேர்ந்து வலையமைப்பை மூச்சுத் திணற வைத்தன. இத்தகைய ஆபத்து நேரலாமென ஜோன் நேகிள் என்னும் பொறியியலாளர் 1984 இலேயே எழுதி எச்சரித்திருந்தார்.

அடக்கமே மருந்தாயிற்று

லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வான் ஜேக்கப்சன் இப்புதிரை ஆராயப் புகுந்தார். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கரல்ஸ் அவருக்குத் துணை நின்றார். நெறிமுறையையே மாற்ற வேண்டுமோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. அது வேண்டுவதில்லை; கணினிகள் அந்நெறிமுறையைக் கையாளும் விதத்தையே திருத்த வேண்டும் என்று பின்னர் தெரிந்தது. 1988 இல் வெளிவந்த ஜேக்கப்சனின் கட்டுரை, இத்துறையிற் புகழ்பெற்ற கட்டுரைகளுள் ஒன்று.

அவர் கூறிய பரிகாரங்களுள் முதன்மையானவை மூன்றை இங்கே தருகின்றோம்.

முதலாவது, மெல்லத் தொடங்குதல். பழைய முறையில், இணைப்புக் கிடைத்தவுடனே கணினி ஒரு குவியற் பொதிகளைக் கொட்டிவிடும். புதிய முறையில், முதலில் ஒரேயொரு பொதியை அனுப்பும். அதற்கு ஒப்புகை வந்தால் இரண்டு, அவற்றுக்கும் வந்தால் நான்கு, பின்னர் எட்டு. பெயர் ‘மெல்லத் தொடங்குதல்’ ஆயினும், இரட்டித்து வளர்வதாற் பத்துப் படியில் ஆயிரத்தைத் தாண்டிவிடும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டு அறியலாம். இன்று முதலில் அனுப்பும் பொதிகளின் தொகை கூடியுள்ளது; ஆயினும் வழக்கம் அதுவே.

இரண்டாவது, இழப்பை ஓர் அறிவித்தலாகக் கொள்ளுதல். பொதி ஒன்று தொலைந்தால், ‘வழியிலே நெருக்கம், பிறரும் துன்புறுகின்றனர்’ என்று கணினி உணர வேண்டும். உடனே தன் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பின்னர் மீண்டும் ஏறும்பொழுது, இரட்டிப்பாக அன்றி, ஒவ்வொன்றாகவே ஏற வேண்டும். இறங்குவது விரைவாக; ஏறுவது நிதானமாக. இவ்விதியை எல்லோரும் கைக்கொள்ளின், ஒரே பாதையைப் பகிரும் பலர் காலப்போக்கிற் சமமான பங்கை நெருங்குவர் என்று கணிதத்தாலும் காட்டியுள்ளனர்.

மூன்றாவது, பொறுமையை அளந்து வைத்தல். ஒப்புகைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் சராசரித் தாமதத்தை மட்டும் கொண்டு தீர்மானித்தலாகாது. தாமதத்தின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து, அதற்கேற்பக் காத்திருத்தல் வேண்டும். மறுபடியும் தவறினால், காத்திருக்கும் நேரத்தை இரட்டிக்க வேண்டும். சங்கக்கடைத் தாய், “இன்று சனம் அதிகம், பிள்ளை மெல்ல வரட்டும்” என்று எண்ணுவது போன்றது இது.

இப்பரிகாரங்கள் பேர்க்லியில் உருவான மென்பொருளிற் சேர்க்கப்பட்டு, பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பரவின. நெருக்கடி தணிந்தது. அதன் பின் வேறு பல சூத்திரங்கள் ஆக்கப்பட்டிருப்பினும், ‘நெருக்கம் கண்டாற் குறைத்துக்கொள்’ என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை.

இங்கே நம்மை வியக்க வைப்பது ஒன்று உண்டு. இவ்விதியைக் காக்கும் பொலிசார் எவரும் வலையின் நடுவே இல்லை. தன் வேகத்தைக் குறைப்பது அனுப்பும் கணினியின் கையிலேயே இருக்கின்றது. அடங்காது நடந்து, பிறர் பங்கையும் கவர்ந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை எழுதுவது இயலாத செயலன்று. எல்லோரும் அவ்வாறு எழுதினால், 1986 ஒக்டோபர் மீண்டும் வரும். இம்முறை நானூறு யாரோடு நில்லாது. கோடிக்கணக்கான கருவிகள் ஒருவரையொருவர் அறியாதிருந்தும், ஒருவருக்கொருவர் இடங்கொடுத்து நடப்பதாலேயே இணையம் நிலைபெறுகின்றது.

சிறுமிக்கு விடை

இனி வேப்பமரத்து நிழலுக்குத் திரும்புவோம். மாமாவின் முகம் ஏன் உறைந்தது?

மாமாவின் முகமும் குரலும் விநாடிதோறும் பல பொதிகளாகி வருகின்றன. கண்டங்களுக்கிடையே அவை பெரும்பாலும் கடலடியிற் கிடக்கும் கண்ணாடி நார் வடங்களின் வழியே, ஒளியாக ஓடுகின்றன. அத்தகைய வடமொன்று நமது மாத்தறையிலும் கரையேறுகின்றது. கண்ணாடி நாரில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். 15,000 கிலோமீற்றர் நீளமுள்ள வடத்தைக் கடக்க ஒரு விநாடியின் பதின்மூன்றில் ஒரு பங்கு போதும். எனவே தூரம் இங்கே பெருந்தடையன்று. தடை பெரும்பாலும் சந்திகளில் நேரும் காத்திருப்பிலேயே உண்டாகின்றது. கடலடி வடம் அறுந்தாற் பொதிகள் வேறு வழியாற் சுற்றிச் செல்லும். ஆனால், அவ்வழியில் நெருக்கம் மிகும். 2008 ஜனவரி இறுதியில், எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடல்வடங்கள் அறுந்தபொழுது, இந்தியா முதலிய பல நாடுகள் அவ்வாறு இடர்ப்பட்டன.

தொலைந்த கடிதத்தை மறுபடி அனுப்புதல் பயனுடையது. தொலைந்த குரலை மறுபடி அனுப்பினாற் பயன் என்ன? “சாப்பிட்டேன், அம்மா” என்பதன் நடுவெழுத்து, சொல் முடிந்த பின் வந்து சேர்ந்தால் அதனை எங்கே பொருத்துவது? ஆகவே, நேரடிப் பேச்சுக்குப் பெரும்பாலும் ரி.சி.பி.யைப் பயன்படுத்துவதில்லை. 1980 இல் வகுக்கப்பட்ட யூ.டி.பி. என்னும் எளிய நெறிமுறையே கையாளப்படுகின்றது. அது ஒப்புகை கேட்பதில்லை, பிரதியும் அனுப்புவதில்லை. வந்தது வந்தது, போனது போனது. வரும் பொதிகளைக் கைத்தொலைபேசி சிறிது நேரம் தேக்கி வைத்து, ஒழுங்காக எடுத்துக் காட்டுகின்றது. தேக்கியது தீர்ந்தும் புதியவை வந்து சேராவிடின், கடைசியாகக் கிடைத்த முகத்தையே காட்டிக்கொண்டு நிற்கின்றது. அதுவே நாம் கண்ட உறைந்த முகம்.

அச்சமயத்தில் மற்றொன்றும் நிகழ்வதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். சிறிது நேரத்தில் முகம் மீண்டும் அசையும். ஆனால், முன்னரிலும் மங்கலாகத் தோன்றும். அஃது ஏன்? அந்தப் புறத்துக் கருவி நெருக்கத்தை உணர்ந்து, தன் படத்தின் துல்லியத்தைக் குறைத்து, சிறிய பொதிகளாக அனுப்பத் தொடங்கிவிட்டது. பேர்க்லியிற் கற்ற பாடத்தின் பயன் அது. தன் மகனின் முகம் சற்று மங்கினாலும் பேச்சு அறாதிருக்க, அதே வழியில் வேறு எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளும் பேச, அக்கருவி ஒரு படி இறங்கி நிற்கின்றது.

ஆதலால் மாணவ மணிகளே, இனி உங்கள் வீட்டில் முகம் உறைந்து நின்றால், கைத்தொலைபேசியைத் தட்டாதீர்கள், கோபமும் கொள்ளாதீர்கள். “அம்மம்மா, மாமா வரிசையில் நிற்கிறார், இப்பொழுது வந்துவிடுவார்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் வந்துவிடுவார்.

அதோ, திரையில் முகம் அசைகின்றது. “சாப்பிட்டேன், அம்மா. நீங்கள் சாப்பிட்டீங்களா?” என்று மகன் கேட்கின்றான்.